‘புள்ள சாப்டுச்சா?’: திருநர் குழந்தைகளின் குடும்பங்களும் ஒரு பெனோனி நடிகையின் பேச்சும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர்கள் மிகுந்த சாட்ஸ்வர்த்தில், ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். திருச்சியிலிருந்து கல்யாணமாகி டர்பனுக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு வீட்டுமொழி ஆங்கிலம். அவ்வா, தாத்தா, அக்கா, அண்ணா என்ற உறவுமுறைகளும், சாப்பாட்டுப் பெயர்களும், மனப்பாடமாக இரண்டு தேவாரமும்தான் அவர்கள் வரும்போதே கொண்டுவருகிற தமிழ். போன ஆண்டு ஒருநாள் நான், நீ, அவன், அவள், அவர் என்று பலகையில் எழுதிப்போட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஆளுக்கொரு வரி சொல்லச் சொன்னேன். ஒரு பையன் தன் பக்கத்திலிருந்த எட்டு வயதுப் பிள்ளையைக் காட்டி, “அவன் நல்லா பாடுவான்” என்றான். பிழையில்லாத வாக்கியம். நான் சபாஷ் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பிள்ளை பென்சிலைக் கீழே வைத்தது, பலகையை ஒருமுறை பார்த்தது, “அவள் நல்லா பாடுவாள்” என்று திருத்திச் சொன்னது. வினைமுற்றையும் சேர்த்து மாற்றியிருந்தது. மூன்று மாதமாகச் சொல்லிக்கொடுத்தும் மற்றவர்களுக்குப் பிடிபடாத இலக்கணம்.

வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது அம்மா வந்தார். “அக்கா, ஒரு நிமிஷம்” என்று வெளியே அழைத்துப்போய் போனை நீட்டினார். நடிகை சார்லீஸ் தெரோன், பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்ட தன் திருநர் மகளைப் பற்றிப் பேசிய பழைய செய்தி. “நம்ம பெனோனி பொண்ணு. எங்க அம்மா வீடு ஆக்டன்வில். அவங்க வளர்ந்த இடத்துக்குக் கார்ல அரை மணி நேரம்கூட ஆகாது. இதத்தான் எங்க வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்” என்றார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு ஹாலிவுட் நடிகை எப்போதோ கொடுத்த பேட்டியை ஒரு சாட்ஸ்வர்த் அம்மா ஏன் போனில் பத்திரமாக வைத்திருக்கிறார்? அந்தப் பேச்சு ஒரு குடும்பத்துக்கு எதுவரை உதவும், எங்கே வந்து நின்றுவிடும்? இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

தெரோன் 1975-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே உள்ள பெனோனியில் பிறந்தவர். தாய்மொழி ஆப்பிரிகான்ஸ். ஊருக்கு வெளியே பட்ஃபொன்டெய்ன் பக்கம் ஒரு தோட்டவீட்டில் வளர்ந்தார். குழு வாழிடச் சட்டம் ஊரைத் தோல்நிறப்படி கூறுபோட்டிருந்த காலம். இந்தியர்களுக்கு ஒதுக்கப்பட்ட பகுதிதான் ஆக்டன்வில். அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்களும் தெரோன் குடும்பமும் ஒரே ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டாலும் ஒரே பள்ளியில் படித்திருக்க முடியாது. 2004-ல் அவர் ஆஸ்கர் வாங்கினார். 2007-ல் ஆப்பிரிக்க இளைஞர்களிடையே எச்.ஐ.வி. தடுப்புக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 2012-லும் 2015-லும் இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்தார். மூத்தது ஆண் குழந்தை என்றுதான் உலகம் அறிந்திருந்தது.

2019 ஏப்ரலில் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் அவரிடம் நேராகவே கேட்டது. நானும் பையன் என்றுதான் நினைத்திருந்தேன், மூன்று வயதில் என்னைப் பார்த்து ‘நான் பையன் இல்லை’ என்று சொன்னாள் என்று அவர் பதில் சொன்னார். தனக்கு இரண்டு மகள்கள் என்றும், அவர்கள் யாராக வளர்வார்கள் என்பதைத் தீர்மானிப்பது தன் வேலை ஆகாது என்றும் சொன்னார். அதே ஆண்டின் இறுதியில் இன்னொரு பேட்டி. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பத்திரிகைகள் இன்னமும் குழந்தையைத் தவறான பாலில் எழுதுகின்றன, நானே பேட்டிகளில் அப்படிப் பேசியிருக்கிறேன், அது அவள் மனதைப் புண்படுத்தியது, அப்படிப்பட்ட அம்மாவாக இருக்க எனக்கு விருப்பமில்லை என்றார். மகளின் கதை மகளுடையது, ஒருநாள் விரும்பினால் அவளே சொல்வாள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்தக் குழந்தையின் பெயர் இணையத்தில் எங்கும் கிடைக்கும். நான் எழுதப்போவதில்லை.

இந்த இரண்டு பேட்டிகளிலும் அவர் குழந்தையைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்லியிருக்கிறார் என்று கவனியுங்கள். என்ன உடை, என்ன பொம்மை, எந்த மருத்துவர், எந்தப் பள்ளி என்று எதுவும் இல்லை. பெரும்பகுதி தன்னைப் பற்றியே. நான் தவறாக நினைத்தேன், நான் தவறாகப் பேசினேன், இனி நீங்கள் சரியாகப் பேசினால் நன்றாயிருக்கும். கேள்வி குழந்தையின் மேல் விழாதபடி குறுக்கே போய் நின்றிருக்கிறார். சாட்ஸ்வர்த் அம்மாவுக்குத் தேவைப்பட்டதும் இப்படி ஒரு முன்மாதிரிதான். அவருக்குப் பணமோ புகழோ வராது. ஆனால் ‘நான்தான் தப்பாக நினைத்தேன்’ என்ற ஒரு வரியை மாமனார் வீட்டுச் சமையலறையில் நின்று சொல்ல அவருக்கு ஒரு துணை கிடைத்தது.

தெரோன் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவரவில்லை. 2022-ல் ஆப்பிரிகான்ஸ் இன்னும் 44 பேர் பேசும், செத்துக்கொண்டிருக்கும் மொழி என்று ஓர் ஒலிபரப்பில் சொன்னார். 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டில் பேசும் மொழி அது. நாடே கொதித்தது. தமிழ் இங்கே கண்ணெதிரே மெலிந்துவருவதை வாராவாரம் பார்க்கிற எனக்கும் அந்தப் பேச்சு வலித்தது. மொழி விஷயத்தில் தவறிய அவர், தாயாகத் தன் பிள்ளைக்காகப் பேசிய அந்த இரண்டு பேட்டிகளிலும் ஒரு சொல்கூடத் தவறவில்லை என்பதே என் எண்ணம்.

இந்த விஷயத்தில் நடிகர்களின் பேச்சுக்குத் தனி எடை இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திருநர் குழந்தைகளைப் பார்த்து வீட்டார் முதலில் சொல்வது ‘நடிக்கிறது’ என்பதுதான். டிவி பார்த்து நடிக்கிறது, செல்லம் கொடுத்ததால் நடிக்கிறது, அடி விழுந்தால் நடிப்பு நின்றுவிடும். நடிப்பு எது என்று நம் சமூகத்துக்கு நன்றாகவே தெரியும். ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பனில் வந்து நின்ற காலம்தொட்டு, கரும்புத் தோட்டங்களில் தெருக்கூத்து ஆடியவர்களின் வழிவந்தவர்கள் இங்குள்ள தமிழர்கள். இங்கே அதை ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்பார்கள். திரௌபதியாக ஆடுவது ஆண்தான். விடியவிடியப் புடவையில் நின்று அழுவார். ஊரே சேர்ந்து அழும். காலையில் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வேலைக்குப் போவார். வேஷம் என்றால் அதுதான்: கட்டுவதற்கும் நேரம் உண்டு, கலைப்பதற்கும் நேரம் உண்டு. பார்வையாளர் போன பிறகு யாரும் வேஷத்தைத் தூக்கிக்கொண்டு திரிவதில்லை. அந்த எட்டு வயதுப் பிள்ளையோ யாரும் பார்க்காத நேரத்தில், குளியலறைக் கண்ணாடியில் தெரியும் முகத்தைத் தன் சின்ன வயதிலிருந்து ‘அவ’ என்றே சொல்லிவந்திருக்கிறது. பாட்டி வீட்டில் பையனாக நடந்துகொள்ளச் சொல்லி அனுப்பிய நாட்களில்தான் வேஷம் கட்டியிருக்கிறது. ஒரு பாத்திரத்துக்காக உடல் எடையைக் கூட்டி, பொய்ப்பல் மாட்டி, முகத்தையே அடையாளம் தெரியாமல் ஆக்கிக்கொண்டு ஆஸ்கர் வாங்கிய ஒருவர் ‘என் பிள்ளை நடிக்கவில்லை’ என்று சொன்னால், அந்த வேறுபாடு தெரிந்தவர் சொல்கிறார் என்று அர்த்தம்.

இனி, தவறான பாலில் அழைப்பது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்ற கேள்வி. ஆங்கிலத்தில் இதைப் பற்றிப் பேசுபவர்கள் ஒரு சுட்டுப்பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். தமிழில் வினைமுற்றும் பாலைச் சொல்லிவிடும். வந்தான், வந்தாள். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையைப் பற்றி வீட்டில் நூறு வாக்கியம் பேசினால், நூறு முறையும் வாக்கியத்தின் கடைசி எழுத்தில் அதன் பால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் இதே தமிழில் ‘நான் வந்தேன்’ என்பதற்குப் பால் கிடையாது. ‘நீ வந்தாய்’ என்பதற்கும் கிடையாது. இந்தி பேசும் குழந்தை தன்னைப் பற்றிச் சொல்லும்போதே ஆண் வினையா பெண் வினையா என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். தமிழ்க் குழந்தைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தமிழில் நம்முடைய பால் என்பது அடுத்தவர் வாயில் இருக்கிறது. நாம் இல்லாத இடத்தில், நம்மைப் பற்றி நடக்கும் பேச்சில் அது தீர்மானமாகிறது. அதனால்தான் தமிழ்க் குடும்பத்தில் ஒரு திருநர் குழந்தையின் பாதி வாழ்க்கை அத்தைகளும் மாமாக்களும் பக்கத்து வீட்டாரும் எப்படிப் பேசுகிறார்கள் என்பதில் அடங்கியிருக்கிறது.

நம்மைச் சுற்றிப் பேசப்படும் இசிஜூலுவில் அவன், அவள் என்ற பிரிவே இல்லை. அந்த அம்மா வேலைசெய்யும் கடையில் உடன் பணியாற்றும் ஜூலு பெண்கள், இந்த விஷயம் தெரிந்தோ தெரியாமலோ, ஒருநாளும் பிள்ளையைத் தவறான பாலில் கேட்டதில்லை. கேட்க அவர்கள் மொழியில் வழியில்லை. தமிழிலும் ஒரு சந்து இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது அந்தக் குடும்பத்தின் அவ்வா. 78 வயது. பேரன் என்று தூக்கி வளர்த்ததைப் பேத்தி என்று சொல்ல நாக்கு வரவில்லை. பேரன் என்றால் பிள்ளை முகம் வாடுவதைப் பார்க்கவும் முடியவில்லை. பல மாதங்கள் அவர் அந்தக் குழந்தையை அஃறிணையிலேயே பேசிவந்தார். “புள்ள சாப்டுச்சா?” “புள்ள தூங்குதா?” தமிழில் அதைவிடப் பிரியமான பேச்சு கிடையாது. கைக்குழந்தையைப் பற்றி நாம் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். மருமகளுக்கு முதலில் அது தப்பித்துக்கொள்வதாகத் தோன்றியிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் மனம் போய்ச் சேரும்வரை பிள்ளையைக் காயப்படுத்தாமல் இருக்க ஒரு கிழவி தன் மொழியில் தேடிக் கண்டெடுத்த வழி அது.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் சொற்கள் உருவாகிவிட்டன. திருநங்கை, திருநம்பி, திருநர் என்ற சொற்கள் பத்திரிகையிலும் நீதிமன்றத்திலும் புழங்குகின்றன. 2008-ல் அங்கே நலவாரியம் வந்தது. 2014 ஏப்ரல் 15-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை ஏற்றது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. டர்பன் தமிழர்களிடம் இந்தச் சொற்கள் வந்து சேரவில்லை. கப்பலில் வந்த பழைய வசைச் சொற்கள் இருக்கின்றன. அவற்றோடு ‘மோஃபி’ என்று இந்த மண்ணின் வசையும் சேர்ந்துகொண்டது. இன்னொரு வேறுபாடும் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளையை மகளாக ஏற்றுக்கொள்ள ஒரு ஜமாத், அதாவது திருநங்கையர் சேர்ந்து வாழும் குழு, இருக்கும். அதில் துன்பமும் உண்டு, ஆனாலும் படுக்க ஒரு திண்ணை உண்டு. அந்த மரபு கப்பலேறி வரவில்லை. டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீடு கைவிட்டால் பிள்ளைக்கு வேறு வீடு இல்லை. இங்கே குடும்பத்துக்காகப் பேசுவதும் குழந்தைக்காகப் பேசுவதும் ஒன்றாகிவிடுவது அதனால்தான்.

தெரோன் தனி ஆள் இல்லை. சிந்தியா நிக்சன் 2018-ல் தன் மூத்த மகன் திருநம்பி என்று அறிவித்தார். 2025 பிப்ரவரியில் திருநர் சிறாருக்கான மருத்துவ நேரங்களை ரத்து செய்த நியூயார்க் மருத்துவமனை ஒன்றுக்கு எதிரான கூட்டத்தில் தெருவில் நின்று பேசினார். ஜேமி லீ கர்ட்டிஸ் 2021-ல் தன் மகளைப் பற்றிச் சொன்னார். வளர்ந்துவிட்ட அந்த மகளும் அவரோடு சேர்ந்தே பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். இவர்கள் பிள்ளைகள் பெரியவர்கள், தாங்களே சம்மதம் சொல்லக்கூடியவர்கள். சிறு குழந்தையின் பெற்றோருக்கு அந்த வசதி இல்லை. பேசாமல் இருந்தால் உலகம் தவறாகவே பேசும். பேசினால் பிள்ளை பெரிதானதும் ‘என்னைக் கேட்டாயா?’ என்று கேட்கலாம். இதற்குச் சுத்தமான விடை கிடையாது. தன் தவறைச் சொல், பிள்ளையின் உடலைப் பற்றிச் சொல்லாதே என்ற எல்லைக்கோடு மட்டும் எனக்குச் சரியாகப் படுகிறது. பிள்ளையின் படங்களையும் சிகிச்சை விவரங்களையும் பொதுவில் வைக்கும் பெற்றோர், எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும், அந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள்.

பிரபலங்களைக் கொண்டு இதைப் பேசவைக்கும் முயற்சிக்குப் பின்னால் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது டர்பனிலேயே பலருக்குத் தெரியாது. நவநீதம் பிள்ளை, டர்பன் கிளேர்வுட்டில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாக 1941-ல் பிறந்தவர். 1967-ல் நேட்டாலில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்த முதல் பெண். 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர். 2011-ல் தென்னாப்பிரிக்கா முன்மொழிந்த தீர்மானத்தின்படி, பாலீர்ப்பு, பாலின அடையாளம் காரணமாக நடக்கும் கொடுமைகள் பற்றிய ஐ.நா.வின் முதல் அறிக்கை அவர் அலுவலகத்திலிருந்து வந்தது. 2013 ஜூலையில் கேப் டவுனில், பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘சுதந்திரமும் சமத்துவமும்’ என்ற பொருளில் ஓர் உலகப் பிரச்சாரத்தைத் தொடங்கிவைத்தார். நடிகர்களையும் பாடகர்களையும் அதற்குத் தூதர்களாகச் சேர்த்தார்கள். தென்னாப்பிரிக்கப் பாடகி இவான் சாக்கா சாக்காவும் இந்தி நடிகை செலினா ஜெட்லியும் அவர்களில் உண்டு. சட்டமும் அறிக்கையும் போய்ச்சேராத வீட்டு வரவேற்பறைக்கு ஒரு முகம் போய்ச்சேரும் என்பதுதான் அதன் கணக்கு. ஆக்டன்வில்லில் வளர்ந்த அந்த அம்மாவின் போன் அந்தக் கணக்கு தப்பவில்லை என்று காட்டுகிறது.

நடிகையின் பேச்சு வரவேற்பறையோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் இருப்பது காகிதம்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழிலேயே 13 இலக்க அடையாள எண் கிடைத்துவிடும். முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள். அடுத்த நான்கு இலக்கம் 5000-க்குக் கீழே இருந்தால் பெண், 5000 முதல் மேலே என்றால் ஆண். பள்ளிச் சேர்க்கை, மருத்துவமனை அட்டை, வங்கிக் கணக்கு என எல்லாப் படிவத்திலும் அந்த எண் இருக்கும். விவரம் தெரிந்த எழுத்தர் ஏழாவது இலக்கத்தை ஒரு பார்வை பார்த்தாலே போதும். அந்த அம்மா என்னிடம் சான்றிதழைக் காட்டி, ஏழாவது இலக்கத்தின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு, “இந்த ஒரு நம்பர்தான் அக்கா” என்றார்.

அதை மாற்ற 2003-ஆம் ஆண்டின் 49-ஆம் எண் சட்டம் இருக்கிறது. பால்பண்புகள் அறுவையாலோ மருந்தாலோ மாறியவர்கள், மருத்துவச் சான்றுகளோடு உள்துறைக்கு விண்ணப்பிக்கலாம். அறுவை சிகிச்சை கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் அதைக் காட்டு என்று கவுன்ட்டரில் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் பதிவேட்டில் பால் மாறும், அதற்கேற்ற புது எண்ணும் வரும். சிக்கல் என்னவென்றால் எட்டு வயதுக் குழந்தைக்கு எந்த மருந்தும் கிடையாது, கொடுக்கவும் கூடாது. ஆகவே இந்தச் சட்டத்தின் கதவு அந்த வயதில் திறக்காது. திறக்கும் கதவு பெயர் மட்டுமே. பெற்றோர் விண்ணப்பித்தால் குழந்தையின் முதற்பெயரை மாற்றலாம். மணி, அன்பு, தமிழ் என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும் பெயர்கள் தமிழில் குறைவில்லை. அந்த வீட்டில் அப்படியொரு பெயரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

மருத்துவம் பற்றி நம் மக்களிடையே ஓடும் பயம் பெரும்பாலும் தவறான தகவலால் வருவது. பூப்பெய்தும் பருவத்துக்கு முன் செய்வதெல்லாம் சமூக மாற்றம் மட்டுமே. அதாவது பெயர், உடை, முடி, அழைக்கும் விதம். இவை எதுவும் உடலைத் தொடுவதில்லை. எப்போது வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம். பருவம் தொடங்கியபின் அதைத் தள்ளிப்போடும் மருந்துகள் குறித்துத்தான் உலகில் இப்போது கடும் விவாதம். பிரிட்டனில் குழந்தை மருத்துவர் ஹிலரி கேஸ் தலைமையில் 2024-ல் வந்த ஆய்வறிக்கைக்குப் பின் 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு அவற்றைப் புதிதாகத் தருவது நிறுத்தப்பட்டது. 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய சிகிச்சையைத் தடைசெய்த டென்னசி மாநிலச் சட்டத்தை 6-க்கு 3 என்ற கணக்கில் செல்லும் என்றது. அந்த விவாதத்தில் நேர்மையான மருத்துவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி 12 வயதைத் தாண்டிய, போதிய முதிர்ச்சியுள்ள குழந்தை தன் மருத்துவத்துக்குத் தானே சம்மதம் தரலாம். அறுவை என்றால் பெற்றோரின் துணையும் வேண்டும். ஆனால் சட்டம் இருந்தும் மருத்துவர் வேண்டுமே. பொது மருத்துவமனைகளில் இதற்குப் பேர்போனது உலகின் முதல் இதய மாற்று நடந்த கேப் டவுன் க்ரூட் ஸ்கூர். டர்பனிலிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர். விட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு நிறுவனம் சில நகரங்களில் நடத்திவந்த திருநர் மருத்துவ மையங்கள் 2025 தொடக்கத்தில் அமெரிக்க நிதி நின்றபோது மூடப்பட்டன.

‘வளர்ந்தால் மாறிவிடும்’ என்பதற்கும் பதில் தேடியவர்கள் உண்டு. அமெரிக்காவில் கிறிஸ்டினா ஓல்சன் குழுவினர், குடும்பம் ஏற்றுக்கொண்ட 3 முதல் 12 வயதுவரையிலான 73 திருநர் குழந்தைகளை ஆராய்ந்து 2016-ல் எழுதினார்கள். அந்தக் குழந்தைகளின் மனச்சோர்வு மற்ற குழந்தைகளின் அளவிலேயே இருந்தது. பதற்றம் மட்டும் சற்றுக் கூடுதல். 2022-ல் வந்த தொடராய்வில் 317 குழந்தைகள். சமூக மாற்றம் செய்து சராசரியாக ஐந்து ஆண்டு கழித்தும் 94 சதவீதம் பேர் திருநராகவே தங்களைச் சொன்னார்கள். 2.5 சதவீதம் பேர் பிறப்புப் பாலுக்குத் திரும்பினார்கள். தாமாக முன்வந்த, வசதியான, அன்பான குடும்பங்கள்தான் இதில் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அன்பு இல்லாத வீட்டுக் குழந்தைக்கு இந்த எண்கள் பொருந்தாது. அந்த அம்மா மாமனாரிடம் இந்த 2.5 சதவீதத்தையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். “அப்படித் திரும்பினா திரும்பட்டும் மாமா, அப்பவும் நம்ம புள்ளதானே” என்றாராம்.

வீட்டுக்கு அடுத்தது பள்ளி. ஆண்-பெண் என்று பிரித்த சீருடை, பிரித்த வரிசை, பிரித்த கழிவறை. 2022-ல் அடிப்படைக் கல்வித் துறை ஒரு வரைவு வழிகாட்டுதலைக் கொண்டுவந்தது. சீருடையிலும் கழிவறையிலும் அழைக்கும் விதத்திலும் பள்ளிகள் இடம்கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். மத அமைப்புகளிடமிருந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியதும், இது வரைவு மட்டுமே என்று துறை விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கையில் இருக்கும் வலுவான கருவி 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களே சமத்துவ நீதிமன்றமாகவும் இயங்கும். வழக்கறிஞர் இல்லாமலே புகார் கொடுக்கலாம். லிம்போபோ மாகாணத்தில் பள்ளித் தலைமையாசிரியரால் துன்புறுத்தப்பட்ட நாரே எம்பேலா என்ற திருநங்கை சமத்துவ நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட்டு வென்றார். 60,000 ராண்ட் இழப்பீடு. ஏழைக் கிராமத்துப் பெண் ஒருவர், எந்த நடிகையும் பக்கத்தில் நிற்காமல் செய்த காரியம் இது. திருநர் பிள்ளையின் பெற்றோர் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பெயர் என்று நினைக்கிறேன்.

எல்லாருக்கும் வழக்குப் போடும் தெம்பு இருக்காது. வழக்குக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. 1996-ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டப்படி ஒவ்வொரு பொதுப் பள்ளிக்கும் ஆட்சிக் குழு உண்டு. நடத்தை விதியையும் சீருடையையும் முடிவுசெய்வது அதுதான். அதில் வாக்குரிமையுள்ள பெற்றோரின் எண்ணிக்கை மற்ற உறுப்பினர்கள் எல்லோரையும் கூட்டினாலும் ஒன்று கூடுதலாக இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதாவது பெண்பிள்ளைகள் கால்சட்டை போடலாமா, முடி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பது கடைசியில் பெற்றோரின் கைதூக்கலில் இருக்கிறது. நம் பகுதிப் பள்ளிகளில் இந்தக் குழுக் கூட்டத்துக்கு ஆள் சேர்வதே கஷ்டம். வருகிற நாலைந்து பேர் சொல்வதே விதி.

ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். இங்கே ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்பார்கள். ஊரே வரும். அந்தக் குடும்பமும் வந்தது. பிள்ளை மஞ்சள் பாவாடை கட்டியிருந்தது. பாட்டிமார் வரிசையில் இருந்து ஒருவர் அவ்வாவைப் பார்த்து, “இது யாரு, உங்க பேரனா, வேற புள்ளயா?” என்று கேட்டார். கேட்டவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அவ்வா கையிலிருந்த சொம்பைக் கீழே வைக்கவில்லை. “எம் மகன் புள்ள. பசியா இருக்கா, முதல்ல அவளுக்கு ஊத்து” என்றார். நான் இரண்டு ஆள் தள்ளி நின்றேன். அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தாத்தா இன்னமும் “புள்ள” என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆட்சிக் குழுத் தேர்தல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. கடைசியாக 2024 மார்ச்சில் நடந்தது. 2027-ல் தான் நிற்கப்போவதாக அந்த அம்மா சொல்கிறார். என் மகனும் அதே பள்ளிதான், ஆகையால் முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். மூன்று வீட்டில் கேட்டிருக்கிறோம். ஒரு வீட்டில் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள்.